குறுக்கே பேசாத மரியாதை: ஆளுமைக் கோளாறு உள்ள முதியோருடன் 20 வாரக் குழுச் சிகிச்சை

தென் மாவட்ட நகரம் ஒன்றில், மனநல மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் நடத்திய குழு உளவியல் சிகிச்சை பற்றிய பதிவு இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் எதுவும் இல்லை. குழுவில் ஒவ்வொருவரும் வகித்த இடத்தை வைத்தே குறிப்பிடுகிறேன். குழுவை நடத்தியவர்கள் இருவர்: மருத்துவ உளவியலாளரான நான், அப்போது வயது 36, மனநல சமூகப் பணியாளரான என் சகா, வயது 29. மேற்பார்வை ஒரு மூத்த மனநல மருத்துவருடையது. எங்கள் வயதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் குழுவில் நடந்த பெரும்பாலான தவறுகளுக்கு எங்களுக்கும் குழுவினருக்கும் இடையிலான வயது வித்தியாசம்தான் ஊற்று.

பின்னணி

எந்த மனநலப் புறநோயாளர் பிரிவிலும் சில முதியவர்களின் கோப்புகள் மட்டும் தடித்திருக்கும். மனச்சோர்வு, தூக்கமின்மை, படபடப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். மாத்திரை மாறும், இரண்டு மாதம் நன்றாக இருக்கும், பிறகு வீட்டில் ஒரு சண்டை, மறுபடியும் கோப்பு திறக்கும். எங்கள் பிரிவில் அப்படி 11 கோப்புகளை மேற்பார்வை மருத்துவர் தனியே எடுத்து வைத்தார். 30, 40 ஆண்டுகளாக உறவுகளில் ஒரே விதமான முறிவு திரும்பத் திரும்ப நடந்திருப்பது எல்லாவற்றிலும் தெரிந்தது. நெடுங்காலமாகத் தொடர்ந்து உறவுகளைக் குலைக்கும் இத்தகைய மனப்போக்குக்கு ஆளுமைக் கோளாறு என்று பெயர். ஆனால் ஒரு கோப்பில்கூட அந்தச் சொல் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை எளிது. அந்தச் சொல்லை இளைஞர்களுக்கு எழுதியே மருத்துவர்களுக்குப் பழக்கம். வயது ஏற ஏற இது தணிந்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. அது பாதி உண்மை. அவசரப்படுவது, ஆத்திரத்தில் எதையாவது செய்துவிடுவது போன்றவை பலருக்குக் குறைகின்றன. விறைப்பு, சந்தேகம், ஒட்டிக்கொள்ளுதல், ஒதுங்கிக்கொள்ளுதல் ஆகியவை அப்படிக் குறைவதில்லை. அவற்றை மூடி வைத்திருந்த வேலை, பதவி, வாழ்க்கைத் துணை ஒவ்வொன்றாக விலகும்போது அவை வெளியே வருகின்றன. குடும்பத்தார் இதற்கு வைத்திருக்கும் பெயர், 'வயதானால் அப்படித்தான்.'

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 11ஆம் பதிப்பு, இந்த வேலையைச் சற்று எளிதாக்கியது. ஆளுமைக் கோளாறுகளைத் தனித்தனிப் பெட்டிகளில் போடும் பழைய முறையைப் பெரும்பாலும் கைவிட்டு, லேசானது, மிதமானது, கடுமையானது என்று அளவைக் கேட்கிறது அது. ஒரு முதியவரை 'இன்ன வகை' என்று முத்திரை குத்துவதைவிட, உறவுகளில் எவ்வளவு சேதம் நடக்கிறது என்று கேட்பது எங்களுக்குப் பயன்பட்டது.

குழுவாக நடத்தக் காரணம் இரண்டு. முதலாவது ஆள் பற்றாக்குறை, அதை மறைப்பதற்கில்லை. இரண்டாவது, இவர்களின் சிக்கல் மனிதர்களுக்கிடையில் நடப்பது. என் அறையில் தனியாக உட்காரும்போது ஒவ்வொருவரும் பண்பின் உருவம். நான்கு பேர் கூடினால்தான் வீட்டில் நடப்பது கண்ணெதிரே நடக்கும். ஒருவர் வெளியே எப்படிப் பழகுகிறாரோ அப்படியே குழுவுக்குள்ளும் பழகத் தொடங்கிவிடுவார் என்று குழுச் சிகிச்சை பற்றி எழுதிய மனநல மருத்துவர் இர்வின் யாலோம் சொன்னதுதான் எங்கள் அடிப்படை. அப்படி நடக்கும்போது அங்கேயே பிடித்துப் பேச வேண்டும். எங்களுக்குத் தடுமாற்றம் வந்தது அந்த இடத்தில்தான்.

தேர்வு

11 பேரில் ஏழு பேரைச் சேர்த்தோம். மூவர் பயண தூரத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். ஒருவரைச் சேர்க்காததைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு 63 வயது. வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாகவும் கூச்சத்தோடும் இருந்தவர், இரண்டு ஆண்டுகளாகத் திருமண வீடுகளில் ஆபாசமாகப் பேசுகிறார், இனிப்பைக் கண்டால் நிறுத்த முடியவில்லை, மனைவி அழுதால் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆளுமை என்பது நீண்ட காலமாகத் தொடர்வது. அறுபதுக்குமேல் புதிதாக முளைத்தால் முதலில் மூளையைத்தான் பார்க்க வேண்டும். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினோம். மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் மறதிநோய் வகை என்று உறுதியானது. குழுவில் சேர்த்திருந்தால் அவருக்குப் பல மாதம் வீணாகியிருக்கும்.

மதிப்பீட்டிலும் ஒரு சங்கடம். வழக்கமான கேள்விப் பட்டியல்கள் இளைஞர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வாகனத்தைக் கண்மூடித்தனமாக ஓட்டுவீர்களா என்று, வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டாத பாட்டியிடம் கேட்க வேண்டியிருந்தது. முதியவர்களுக்கென்றே, அவர்களை நன்கறிந்த ஒருவரிடம் கேட்பதற்காக 16 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று நெதர்லாந்தில் உருவாக்கப்பட்டிருக்கிறது. அதன் போக்கைப் பின்பற்றி உறவினர்களிடம் தமிழில் பேசினோம். தமிழுக்குச் சரிபார்த்த வடிவம் கைவசம் இல்லாததால் மதிப்பெண் போடவில்லை.

சேர்ந்தவர்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வயது 70, எல்லாம் தம் ஒழுங்குப்படி நடக்க வேண்டும் என்பதால் மூன்று பிள்ளைகள் வீட்டிலும் மாறி மாறி இருந்து, மூன்றிலும் சண்டை. அரசுப் பணியில் பெரிய பதவி வகித்த பொறியாளர், 69; மெச்சாதவர் யாரோடும் உறவில்லை. மளிகைக்கடை நடத்தியவர், 67. மகன் சொத்தைப் பிடுங்கப் பார்க்கிறான் என்பதே பேச்சு. ரயில்வேயில் வேலை பார்த்தவர், 72. 40 ஆண்டுகள் மனைவியே அவருக்கு வாயாகவும் கையாகவும் இருந்தார், அவர் இறந்த பிறகு வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. தையல் தொழில் செய்த அம்மா, 66. திருமணம் ஆகாதவர், அண்ணன் வீட்டில் ஓர் ஓரமாக வாழ்பவர். குழுவிலேயே வயது குறைந்தவர், 64. கணவரை இழந்து மகளோடு இருக்கிறார். கைவிடப்படுவோம் என்ற பயத்தில் மகளுக்கு ஒரு நாளைக்கு இருபது முறை போன் செய்வார். பல ஆண்டுகளில் மூன்று முறை மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவர். அவரை 'இளையவர்' என்று குறிக்கிறேன். ஏழாவது பெண்மணியை இரண்டாம் வாரத்துக்குப் பின் மகன் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டார்.

வியாழக்கிழமைதோறும் காலை 10:30 முதல் 12 மணி வரை, நடுவில் தேநீருக்கும் கழிப்பறைக்கும் பத்து நிமிடம். மாலையில் வைத்தால் இருட்டுவதற்குள் வீடு போக வேண்டும் என்ற தவிப்பிலேயே கவனம் போய்விடும். முறை ஒரு கலவை. சிறுவயதில் பதிந்த ஆழமான நம்பிக்கைகளைத் தேடும் ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சையிலிருந்து பாதி. உணர்ச்சிக் கொந்தளிப்பைத் தாங்கும் பயிற்சிகள், மார்ஷா லினஹன் உருவாக்கிய முறையிலிருந்து மீதி. முதியவர்களிடம் கட்டுமீறலைவிட மிதமிஞ்சிய கட்டுப்பாடே பெரிய சிக்கல் என்று உளவியலாளர் தாமஸ் லிஞ்ச் சொன்னதையும் படித்திருந்தோம். படித்ததை எங்களுக்கே பொருத்திப் பார்க்கத் தவறினோம்: அறையில் மிதமிஞ்சிய கட்டுப்பாட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் இருவரும்தான்.

முதல் ஆறு வாரங்கள்

முதல் நாளே ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது என்ற கேள்வி வந்தது. உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டோம். ஐந்தே நிமிடத்தில் வயதுப்படி அண்ணன், அக்கா, தங்கச்சி என்று ஒரு குடும்பம் அமைந்துவிட்டது. ஆசிரியை மட்டும் 'டீச்சர்.' நான் 'டாக்டரம்மா'. என் சகா 'தம்பி.' சுமுகமாகத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்தோம். நடந்தது வேறு. 64 வயதுப் பெண் தங்கச்சி ஆனதும் எல்லோரும் அவருக்குப் புத்தி சொல்லத் தொடங்கினார்கள். அவரும் சிறுமியைப் போல உதட்டைப் பிதுக்கி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். 'தம்பி'க்கோ குழுவை நடத்தும் அதிகாரம் அந்த ஒரு சொல்லிலேயே கரைந்துபோனது.

பொறியாளர் பேசுவார். அணை கட்டியது, அமைச்சரை எதிர்த்தது, இன்றைய பிள்ளைகளின் போக்கு. அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்துவந்தோம். நான்காம் வாரப் பதிவை என் சகா கடிகாரம் வைத்துக் கேட்டார்: 80 நிமிடத்தில் பொறியாளர் 31 நிமிடம், ரயில்வேக்காரர் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தெரிந்தும் நிறுத்தவில்லை. அப்பா வயதுக்காரர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பயிற்சியில் கற்றது அந்த வளர்ப்பைத் தாண்டவில்லை.

ஐந்தாம் வாரத்தில் இன்னொன்றைக் கவனித்தோம். டீச்சர் தேநீருக்குத் தம் எவர்சில்வர் டம்ளரை வீட்டிலிருந்து கொண்டுவருகிறார். தையல் அம்மா அந்த டம்ளரைப் பார்ப்பதையும், பார்த்துவிட்டுத் தம் தேநீரைக் குடிக்காமல் வைத்துவிடுவதையும் கண்டோம். இந்த ஊரில் தனி டம்ளருக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். குறிப்பேட்டில் எழுதினோம். கேட்கவில்லை.

ஆறாம் வாரம் இளையவர் மகளைப் பற்றிப் பேசினார். முந்தின நாள் இரவு ஒன்பது முறை கூப்பிட்டும் மகள் போனை எடுக்கவில்லை. பொறியாளர் சொன்னார்: "உன் மகள் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்." அறை அமைதியானது. நான் சொன்னது பதிவில் இருக்கிறது: "ஐயா சொல்வதிலும் ஒரு கருத்து இருக்கிறது, அம்மா அதை எப்படி..." முடிக்கும் முன்பே இளையவர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். யாராவது எழுந்து போனால் பின்னால் யார் போவது என்று நானும் சகாவும் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இருவரும் போகவில்லை.

நெருக்கடியும் முடிவுகளும்

அன்று மாலை இளையவர் வீட்டிலிருந்த மாத்திரைகளை அதிகமாக விழுங்கிவிட்டார். மகள் உடனே பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் மறுநாள் ஆபத்து நீங்கியது. போலீஸ் வழக்காகுமோ என்று மகள் நடுங்கினார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை என்று விளக்கி அவரை அமைதிப்படுத்தினோம். பிறகு மகள் கேட்டது நியாயமான கேள்வி: "சிகிச்சைக்கு அனுப்பினால் இப்படி ஆகிறது. மறுபடியும் எதற்கு அனுப்ப வேண்டும்?"

முடிவெடுக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். நீக்கிவிடுவதுதான் பாதுகாப்பு என்பது என் முதல் எண்ணம். மேற்பார்வை மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. கைவிடப்படுவோம் என்ற பயத்தில் மாத்திரை விழுங்கியவரை, மாத்திரை விழுங்கியதற்காகக் கைவிடுவது என்ன சிகிச்சை என்று கேட்டார். திரும்ப அழைப்பது, ஆனால் நிபந்தனைகளோடு என்று தீர்மானித்தோம். மாத்திரைகள் ஒரு வார அளவுக்கு மட்டும் தரப்படும், மகளின் பொறுப்பில் இருக்கும். மனம் கொந்தளித்தால் முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாள், இளையவரின் கையெழுத்திலேயே; அதன் கடைசி வரியில் அரசின் இலவச மனநல உதவி எண் 14416. எனக்கு வாரம் இரண்டு முறை, பத்து பத்து நிமிடம் போன் செய்யலாம். நான் எடுக்க முடியாவிட்டால் அன்றே திரும்பக் கூப்பிடுவேன். இதைப் போலவே மகளும் தமக்கென்று நேரம் வகுத்துக்கொண்டார். எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்று அப்போது புரிந்தது: அவரைத் துன்புறுத்தியது போன் எடுக்காதது அல்ல, எப்போது எடுப்பார்கள் என்று தெரியாதது.

குழுவிடம் என்ன சொல்வது? இளையவரைக் கேட்டோம். "உடம்பு சரியில்லை, திரும்பி வருவேன் என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். ஏழாம், எட்டாம் வாரங்கள் அவர் நாற்காலி காலியாகவே இருந்தது. எடுத்துவிடலாமா என்று டீச்சர் கேட்டபோது, யாரையும் நம்பாத மளிகைக்காரர், "இருக்கட்டும், அவர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார்.

அதற்கிடையே மேற்பார்வை மருத்துவர் ஆறு வாரப் பதிவுகளையும் கேட்டு முடித்திருந்தார். ஒரு தாளை நீட்டினார். "ஐயா சொல்வதிலும்" என்று நான் தொடங்கிய இடங்களின் பட்டியல். மொத்தம் 14. அவர் கேட்டது: "இவர்கள் வீட்டு மருமகள்கள் இப்படித்தானே தலையாட்டிவிட்டு அறைக்குள் போய் அழுகிறார்கள்? நீயும் அதையே செய்தால் இங்கே வருவதில் அவர்களுக்கு என்ன லாபம்?"

நிறுத்தக் கற்றது

குறுக்கிடுவதை ஒத்திகை பார்த்தோம். மருத்துவர் பொறியாளராக நடித்தார்; நன்றாகவே நடித்தார். முதல் நான்கு முறை என்னால் வாயைத் திறக்கவே முடியவில்லை. கடைசியில் ஒரு வாக்கியத்தை இருவரும் மனப்பாடம் செய்துகொண்டோம்: "ஐயா, இங்கே நிறுத்துகிறேன். இதைக் கேட்டவருக்கு என்ன ஆனது என்று பார்த்துவிட்டு வருவோம்." 'மன்னிக்கவும்' அதில் கிடையாது. மன்னிப்புக் கேட்டால் தவறு செய்கிறோம் என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகும்.

ஒன்பதாம் வாரம் இளையவர் வந்தார். நடந்ததைத் தாமே சொன்னார். உறவுமுறை அழைப்பை விட்டுவிடலாமா என்று நாங்கள் கேட்டதற்கு முதலில் தலையசைத்தவரும் அவர்தான். பெயரோடு அம்மா அல்லது ஐயா என்று எல்லோருக்கும் ஒரே அழைப்பு என்று முடிவானது. டீச்சரை மட்டும் யாராலும் மாற்றிக் கூப்பிட முடியவில்லை; அதை விட்டுவிட்டோம். சகாவைப் பெயரோடு 'சார்' என்றார்கள். நாக்கு பழக மூன்று வாரம் ஆனது.

இங்கே ஒரு தவறு. பேச்சு நேரத்தைக் கவனிக்கும் பொறுப்பை டீச்சரிடம் கொடுத்தோம். ஒழுங்குமீது அவருக்குள்ள பிடிப்பு பயனுள்ளதாக மாறும் என்று எண்ணினோம். அடுத்த வாரமே அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். யார் எத்தனை நிமிடம் தாமதம், யார் தலைப்பை விட்டு விலகினார், எல்லாம் அதில். ரயில்வேக்காரரை, "வாயைத் திறந்து பேசுங்கள்" என்று அதட்டினார். கோளாறுக்கு நாங்களே பதவி கொடுத்திருந்தோம். இரண்டு வாரத்தில் திரும்ப வாங்கினோம். வாங்கிய அன்று அவர் முகம் வாடியதற்கும் நாங்களே பொறுப்பு.

பத்தாம் வாரம் பொறியாளர் தையல் அம்மாவிடம், ஒரு தையல்காரருக்கு உலகம் என்ன தெரியும் என்ற தொனியில் பேசத் தொடங்கினார். சகா அந்த வாக்கியத்தைச் சொன்னார். குரல் நடுங்கியது, ஆனால் முழுவதும் சொன்னார். பொறியாளர் அவரை நெடுநேரம் பார்த்தார். "தம்பி, உன் அப்பாவிடம் இப்படிப் பேசுவாயா?" சகா, "பேசியதில்லை ஐயா. பேசியிருக்கலாம் என்று தோன்றுகிறது" என்றார். ஒத்திகையில் இல்லாத பதில் அது. தேநீர் வரை பொறியாளர் உட்கார்ந்திருந்தார். பிறகு போனவர் திரும்பவில்லை. இரண்டு முறை போன் செய்தோம், ஒரு முறை வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் தூங்குகிறார்" என்றார். உள்ளே தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அவரை இழந்ததை நல்ல விளைவாக நான் பார்க்கவில்லை. முதல் வாரத்திலிருந்தே சிறிது சிறிதாக நிறுத்தியிருந்தால் அவருக்கும் அது பழகியிருக்கும். ஒன்பது வாரம் அரியணையில் உட்காரவைத்துவிட்டுப் பத்தாம் வாரம் திடீரென்று இறக்கினோம். புகழ் குறைந்தால் உடைந்துபோகிறவருக்கு இதைவிட மோசமாக ஒன்றைத் திட்டமிட்டே செய்திருக்க முடியாது.

பதினோராம் வாரம் முதல்

குறுக்கிடத் துணிந்த பிறகு, கேட்கவும் துணிவு வந்தது. ரயில்வேக்காரர் எதற்கும் பதில் சொல்லாமல் புன்னகைப்பதை நாங்கள் ஒதுங்கும் சுபாவம் என்றே எழுதிவந்தோம். தையல் அம்மா நேரடியாகக் கேட்டார்: "ஐயா, உங்களுக்குக் காது கேட்கிறதா? பேசுகிறவர் உதட்டையே பார்க்கிறீர்களே?" இடது காது ஏறக்குறைய கேட்காது, வலது பாதி. ஆறு ஆண்டுகளாக. மனைவி இருந்தவரை அவர்தான் திருப்பிச் சொல்வார். குழுவில் சேர்க்கும்போது நினைவாற்றலைச் சோதித்தோம், மனச்சோர்வை அளந்தோம், காதைச் சோதிக்கவில்லை. அவரும் சத்தமாகப் பேசுங்கள் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று எண்ணி இருந்துவிட்டார். காதுகேட்கும் கருவி பொருத்திய பிறகு அவர் பேச்சாளராகிவிடவில்லை. சுபாவத்திலும் அவர் ஒதுங்குகிறவர்தான். ஆனால் எது காது, எது சுபாவம் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

பன்னிரண்டாம் வாரம் டம்ளரைப் பற்றி நான் கேட்டேன். தொற்று பயம் என்றார் டீச்சர். கைகழுவுதலும் துடைத்தலும் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கோப்பில் இருப்பதால் அது பொய்யில்லை. தையல் அம்மா, "என் சிறுவயதில் எங்கள் தெருக்காரர்களுக்குக் கடையில் தனி டம்ளர் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது" என்றார். அதுவும் பொய்யில்லை. டீச்சர் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் டம்ளர் வந்தது. ஆனால் அவர் அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை, தேநீரும் குடிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் காகிதக் கோப்பையில் குடித்தார். மனம் மாறியது என்று இதைச் சொல்லத் துணியமாட்டேன். தமிழ்நாட்டில் அறுபது தாண்டிய ஆறு பேரை வட்டமாக உட்காரவைத்தால் ஏழாவது நாற்காலியில் சாதி உட்கார்ந்திருக்கும். அதை முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடாதது எங்கள் பிழை.

மளிகைக்காரரின் கதைதான் எங்களை அதிகம் உலுக்கியது. 'மகன்மீது அடிப்படையற்ற சந்தேகம்' என்று சேர்க்கைக் குறிப்பில் எழுதியிருந்தோம். பதின்மூன்றாம் வாரம் அவர் வழக்கம்போலத் தொடங்கியதும் இளையவர் கேட்டார்: "அந்தப் பத்திரத்தை யாராவது பார்த்தீர்களா?" யாரும் பார்க்கவில்லை. நாங்களும்தான். அவர் சம்மதத்தோடு சகா வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தார். நான்கு ஆண்டுக்கு முன், மனைவி இறந்த சில மாதங்களில், கடைக் கட்டடத்தை மகன் பெயருக்கு அவரே செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்திருக்கிறார். உயில் எழுதுவதாகவே அவர் நினைத்திருந்தார். உயில் என்றால் அவர் காலத்துக்குப் பிறகு. செட்டில்மெண்ட் என்றால் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். வாடகை மகன் பெயருக்குப் போவதை அவர் திருட்டு என்று சொல்லிவந்தார், நாங்கள் நோய் என்று எழுதிவந்தோம். மகன் ஏமாற்றினாரா, இல்லை, யாருமே விளக்காமல் போனதா என்பது எங்களுக்குத் தெரியாது. அது எங்கள் வேலையும் அல்ல.

அடுத்த இரண்டு அமர்வுகளைச் சட்ட விவாதம் விழுங்கியது. ஆளாளுக்கு ஒரு வக்கீலைத் தெரிந்திருந்தது. அதை நிறுத்தி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரை அனுப்பினோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வழி உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோர 23ஆம் பிரிவு இடம் தருகிறது. அவருடைய பத்திரத்தில் அந்த நிபந்தனை தெளிவாக எழுதப்படவில்லை என்பது சிக்கல். குழுவில் பேச வேண்டியதை மட்டும் குழுவில் வைத்துக்கொண்டோம்: ஒரு விஷயத்தில் சந்தேகம் சரி என்று தெரிந்துவிட்டால், எல்லா விஷயத்திலும் சந்தேகப்படுவது சரியாகிவிடுமா? அவர் சொன்னார்: "மகனை நம்பமாட்டேன். மருமகள் போடும் சோற்றில் விஷம் இருக்கிறது என்று சொன்னேனே, அது அதிகம்தான்."

முடிக்கும் வாரங்கள்

பதினாறாம் வாரத்திலிருந்தே முடியப்போகிறது என்று நினைவூட்டினோம். இளையவருக்காகச் செய்தது அது, ஆனால் அதிகம் கலங்கியவர் டீச்சர். ஒருநாள் வராமலே இருந்துவிட்டார். போன் செய்தபோது, "நீங்கள் முடிப்பதற்கு முன் நான் முடித்துக்கொள்கிறேன்" என்றார். மூன்று பிள்ளைகள் வீட்டிலிருந்தும் அவர் இப்படியே வெளியேறியிருக்கிறார், விரட்டப்படுவதற்கு ஒருநாள் முன்னதாக. அதை அவரிடமே சொன்னேன். மறுவாரம் வந்தார்.

இருபதாம் வாரம் ஐந்து பேர் இருந்தார்கள். விருந்து வைக்கவில்லை, வழியனுப்பு விழா ஒன்று நடந்தால் விடைபெறும் பேச்சு நடக்காது என்று அஞ்சினோம்.

ஆறு மாதத்துக்குப் பின்

ஒவ்வொருவரையும் உறவினரையும் தனித்தனியே சந்தித்தோம். இளையவர் இந்தக் காலத்தில் மாத்திரை விழுங்கவில்லை. மகளோடு சண்டை குறையவில்லை. சண்டைக்குப் பிறகு பேசாமல் இருக்கும் நாட்கள் குறைந்திருக்கின்றன. தையல் அம்மா அண்ணனிடம் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்த வீட்டில் 30 ஆண்டுகளாக இருந்தும் அவர் கையில் சாவி இருந்ததில்லை. ரயில்வேக்காரர் காலையில் நூலகம் போகிறார். மளிகைக்காரரின் மனு நிலுவையில் இருக்கிறது. டீச்சரின் மருமகள் சொன்னது: "அடுப்படி டப்பாக்களை இன்னமும் மாற்றித்தான் அடுக்குகிறார்கள். ஆனால் அடுக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள்."

யாருடைய ஆளுமையும் மாறிவிடவில்லை. இதில் எவ்வளவு குழுவால், எவ்வளவு மருந்தால், எவ்வளவு காதுகேட்கும் கருவியால் என்று பிரித்துச் சொல்ல ஐந்து பேரை வைத்து முடியாது.

அடுத்த குழுவில் மாற்றியவை

அடுத்த குழு தொடங்கிவிட்டது. சேர்க்கும் முன்பே காதும் கண்ணும் சோதிக்கப்படுகின்றன. குறைகூறல் எதுவானாலும், அதற்குத் தாள் இருந்தால் தாளைப் பார்க்கிறோம். 'அடிப்படையற்ற' என்ற சொல்லை அடிப்படையைத் தேடாமல் எழுதுவதில்லை. யாராவது எழுந்து போனால் பின்தொடர்வது சகாவின் வேலை, குழுவோடு அமர்ந்திருப்பது என் வேலை. அழைப்புமுறையை முதல் நாளே நாங்களே சொல்லிவிடுகிறோம். தேநீர் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் வருகிறது. ஏன் என்றும் சொல்கிறோம். முதல் அமர்விலேயே ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது நிறுத்துகிறேன், பேசாதவரைத் தவிர. வேண்டுமென்றேதான். யாரையும் குறிவைக்கவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம், ஒன்பது வாரம் நாங்கள் செய்யத் தவறியதைக் குறிப்பிட்டு, தனியாக வந்து பேச விருப்பமா என்று கேட்டு. மனைவி வாங்கிக்கொண்டதாக அஞ்சல் ஒப்புகை வந்திருக்கிறது. பதில் வரவில்லை.